அந்த ஒரு மணி நேரம்

கடிகாரத்தை நம்பாதவர் யார்? கடைசி வகுப்பு முடிந்து மணி அடிக்கச் சற்றே தாமதமானால் மாணவர் முகங்களில் தோன்றும் வாட்டத்தை, கரும்பலகை முன் நிற்கும் என் போன்றோர் நன்கு அறிவோம். மணி என்று ஒன்று இருக்கிறது; அது யாருக்காகவும் முன்னே பின்னே நகராது என்பது நம் எல்லோருடைய நம்பிக்கை. ஆண்டுக்கு இருமுறை நாடு முழுவதும் சேர்ந்து கடிகாரத்தைத் திருப்பி வைக்கும் வழக்கம் வடக்கு நாடுகளில் உண்டு என்பதை நான் பாடநூலில் படித்திருந்தேன். இயற்பியல் ஆசிரியன் என்ற முறையில் மாணவர்களுக்கு விளக்கியும் இருக்கிறேன். ஆனால் படித்தறிவது வேறு, பட்டறிவது வேறு. பட்டறிந்த கதையை இவ்வாண்டு மலரில் எழுதலாம் என்று நினைக்கிறேன்.

2022 செப்டம்பரில் ஓராண்டு ஆய்வுக்காக ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையிலுள்ள அபர்டீன் நகருக்குச் சென்றேன். ஊரெங்கும் சாம்பல் நிறக் கருங்கல் கட்டடங்கள். அதனால் ‘கருங்கல் நகரம்’ என்றே அதற்கொரு பெயர். கிழக்கே வடகடல். அங்கிருந்து வரும் காற்று மூன்று சட்டைகளைத் தாண்டி எலும்பைத் தொட்டுவிடும். கணவரை இழந்து தனியே வாழ்ந்த ஓர் அம்மையார் தம் வீட்டு மாடி அறையை எனக்கு வாடகைக்குக் கொடுத்தார். வயது அறுபத்து நான்கு. மாடிப்படியின் அடியில் பெண்டுலம் ஆடும் பழைய சுவர்க் கடிகாரம் ஒன்று இருந்தது. அவருடைய பாட்டி காலத்துச் சொத்து. மணிக்கு மணி கணீரென்று அடிக்கும்.

போன புதிதில் என்னை மயக்கியது அவ்வூர் வெளிச்சம்தான். மதுரை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 10 பாகையில் இருக்கிறது; அபர்டீன் 57 பாகையில். நம் ஊரில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வேறுபாடு ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம். அங்கோ ஜூன் மாதத்தில் பகல் ஏறத்தாழ 18 மணி நேரம். டிசம்பரில் ஏழு மணி நேரம்கூட இல்லை. பூமியின் அச்சு 23½ பாகை சாய்ந்திருப்பதன் விளைவு இது. கரும்பலகையில் அந்தச் சாய்வை ஒரு கோட்டில் வரைந்துவிடுகிறோம். அந்தக் கோட்டின் வடமுனைக்கு அருகே வாழ்கிறவர்கள் அதை உடம்பால் சுமக்கிறார்கள்.

இனி என் தந்தையாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மதுரையில் ஒரு நூற்பாலையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தவர். கைக்கடிகாரம் கட்டியதே இல்லை. ஆலைச் சங்குதான் அவருக்குக் கடிகாரம். முதல் சங்குக்கு எழுந்து, இரண்டாம் சங்குக்கு வாசலில் நின்று, மூன்றாம் சங்கு ஊதும்போது தறிக்கொட்டகைக்குள் இருப்பார். ஆலை மூடி, சங்கு நின்று, பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனாலும் அவருடைய குளியல், காபி, செய்தித்தாள், சாப்பாடு எல்லாம் இன்றும் அந்தச் சங்குக்கே நடக்கின்றன. சர்க்கரை நோய் உண்டு. இரவு ஏழேகாலுக்கு இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு, ஏழே முக்காலுக்குச் சாப்பிட உட்காருவார். இதில் ஒரு நிமிடம் பிசகாது.

நான் அபர்டீன் சென்றதும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். ஒவ்வொரு ஞாயிறும் அங்கே பிற்பகல் மூன்று மணிக்கு நான் பேசுவேன். இங்கே அப்போது இரவு ஏழரை. ஊசி போட்டுக்கொண்டு, என்னோடு பத்து நிமிடம் பேசி முடித்து, அப்பா சாப்பிட உட்காருவார். செப்டம்பர் முழுவதும், அக்டோபரிலும் அப்படியே நடந்தது. “உன் போன் எனக்குச் சங்கு மாதிரிடா” என்று ஒருமுறை சொன்னார்.

அக்டோபர் 30, ஞாயிற்றுக்கிழமை. தீபாவளி முடிந்து ஆறாம் நாள். வீட்டு அம்மையார் வெள்ளிக்கிழமையே மகள் வீட்டுக்குச் சென்றிருந்தார். நான் தாமதமாக எழுந்து, சமைத்து, துணி துவைத்து, சரியாக மூன்று மணிக்குக் கைப்பேசியை எடுத்தேன். மணி நெடுநேரம் அடித்தது. அம்மாதான் எடுத்தார்.

“ஏன்டா இவ்வளவு நேரம்? ஏழரையில இருந்து பாத்துக்கிட்டு இருக்கோம். அப்பாவுக்குத் தலை சுத்தி, வேர்த்துக் கொட்டி, கை காலெல்லாம் நடுங்கிப்போச்சு. இப்பத்தான் சீனித் தண்ணி குடுத்துப் படுக்க வச்சிருக்கேன்.”

“மூணு மணிக்குத்தானேம்மா எப்பவும் கூப்பிடுவேன்? இப்பவும் மூணுதானே?”

“என்ன மூணு? இங்க மணி எட்டரை.”

பேசிக்கொண்டே படியிறங்கி வந்தேன். கீழே பெண்டுலக் கடிகாரம் நான்கு மணி இரண்டு நிமிடம் காட்டியது. என் கைப்பேசி மூன்று மணி இரண்டு நிமிடம் காட்டியது. காலையிலேயே அந்தக் கடிகாரத்தைப் பார்த்திருந்தேன். பழைய கடிகாரம், முந்தி ஓடுகிறது போலும் என்று எண்ணியிருந்தேன். அந்த நொடியில்தான் விளங்கியது. முதல் நாள் நள்ளிரவுக்குப் பின் பிரிட்டன் முழுவதும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே வைத்துவிட்டார்கள். என் கைப்பேசியும் யாரும் சொல்லாமல் தானே திருத்திக்கொண்டது. நான் உறங்கிக்கொண்டிருந்தேன். இந்தப் பாடத்தைப் பத்தாண்டுகளுக்கு மேலாக வகுப்பில் நடத்தியவன் நான்!

அப்பாவிடம் அம்மா கைப்பேசியைக் கொடுத்தார். குரல் இறங்கியிருந்தது. “ஒண்ணுமில்லப்பா. நீ கூப்பிட்டதும் சாப்பிடலாம்னு இருந்தேன். கூப்பிடலையா, என்னமோ ஏதோன்னு நினைச்சேன். சோறு எறங்கல.” வெளிநாட்டுக்கு எப்படி அழைப்பது என்று அவர்கள் இருவருக்கும் தெரியாது. தெரிந்த தங்கை அன்று ஊரில் இல்லை. உள்ளே போன இன்சுலின் எந்த நாட்டுக் கடிகாரத்தையும் பார்ப்பதில்லை. அது தன் வேலையைச் செய்துவிட்டது.

நாலரை மணிக்குள் வெளியே இருட்டிவிட்டது. நேற்று இதே வெளிச்சம் ஐந்தரைக்கு மங்கியது. விளக்கைக்கூடப் போடாமல் கீழே உட்கார்ந்திருந்தேன். ஐந்து மணிக்கு அம்மையார் வந்தார். என் முகத்தைப் பார்த்து விசாரித்தார், சொன்னேன். அவர் மேலங்கியைக் கழற்றாமலே நின்று கேட்டார். பிறகு, “நான் சொல்லிவிட்டுப் போயிருக்க வேண்டும். எங்களுக்கு இது மழை பெய்வது போல. சொல்ல வேண்டும் என்றே தோன்றுவதில்லை” என்றார்.

அதன் பின் பெண்டுலக் கடிகாரத்தின் கதவைத் திறந்து, ஆடும் குண்டை விரலால் பிடித்து நிறுத்தினார். முள்ளைப் பின்னால் திருப்பக் கூடாதா என்று கேட்டேன். மணி அடிக்கும் பழைய கடிகாரங்களைப் பின்னோக்கித் திருப்பினால் உள்ளே பழுதாகிவிடும் என்றும், ஒரு மணி நேரம் நிறுத்தி வைத்துவிட்டு மறுபடி ஓட விடுவதே வழக்கம் என்றும் சொன்னார். நாங்கள் இருவரும் தேநீர் குடித்தபடி அந்த ஒரு மணி நேரம் கழியக் காத்திருந்தோம். அப்போது அவர் சொன்னவையும், பிறகு நூலகத்தில் நான் தேடிப் படித்தவையும் சேர்ந்ததுதான் அடுத்து வருவது.

வில்லியம் வில்லெட் என்பவர் லண்டனில் வீடு கட்டும் தொழில் செய்தவர். கோடைக்கால விடியற்காலையில் குதிரையேறிப் போகும்போது, வெயில் வந்த பிறகும் வீடுகளின் சன்னல் திரைகள் மூடிக்கிடப்பதைக் கண்டு வருந்தினார். 1907-இல் ‘பகலொளி வீணாகிறது’ என்னும் பொருளில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். ஏப்ரல் மாதத்தில் நான்கு ஞாயிறுகளில் இருபது இருபது நிமிடமாகக் கடிகாரத்தை முன்னே வைத்து, செப்டம்பரில் அதே போலப் பின்னே வைக்க வேண்டும் என்பது அவர் திட்டம். நாடாளுமன்றம் அதை ஏற்கவில்லை. 1915-இல் அவர் மறைந்தார். மறு ஆண்டே முதல் உலகப் போரின் நெருக்கடியில், நிலக்கரியை மிச்சப்படுத்த ஜெர்மனி 1916 ஏப்ரல் 30-இல் கடிகாரத்தை முன்னே வைத்தது. மே 21-இல் பிரிட்டனும் அதைப் பின்பற்றியது. வில்லெட்டின் வாதத்தால் நகராத கடிகாரம் போரினால் நகர்ந்தது!

இப்போதைய முறை எளிது. மார்ச் மாதக் கடைசி ஞாயிறு விடியற்காலை ஒரு மணியை இரண்டு என்று ஆக்குவார்கள். அக்டோபர் கடைசி ஞாயிறு இரண்டு மணியை ஒன்று என்று ஆக்குவார்கள். கோடையில் நமக்கும் அவர்களுக்கும் வேறுபாடு நாலரை மணி நேரம், குளிர்காலத்தில் ஐந்தரை. கோடையில் விடியற்காலை மூன்று நான்கு மணிக்கு யாருக்கும் பயன்படாமல் போகும் வெளிச்சத்தில் ஒரு மணியை எடுத்து மாலையில் சேர்ப்பதே இதன் நோக்கம். உழவர்களுக்காக வந்த ஏற்பாடு இது என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் உழவர்களே தொடக்கத்தில் இதை மிகுதியாக எதிர்த்தவர்கள். அபர்டீன் பக்கம் மாட்டுப் பண்ணைகள் நிறைந்த சீமை. சந்தையில் பழக்கமான ஒரு பால் பண்ணைக்காரர் என்னிடம் சொன்னார்: “மடி கட்டிய மாட்டுக்குச் சட்டத்தைப் படித்துக் காட்ட முடியுமா? மார்ச்சிலும் அக்டோபரிலும் நாளுக்குப் பத்துப் பத்து நிமிடமாக நாங்கள்தான் அதைப் பழக்க வேண்டும்.”

அம்மையாருக்கோ பள்ளிப் பருவத்து நினைவு ஒன்று இருந்தது. 1968-இல் கோடைக்காக முன்னே வைத்த கடிகாரத்தை அவ்வாண்டு அக்டோபரில் பின்னே வைக்கவில்லை. மூன்றாண்டுகள் குளிர்காலத்திலும் கோடை மணியே இருக்கட்டும் என்று அரசு ஒரு சோதனை நடத்தியது. மாலையில் ஒரு மணி நேரம் கூடுதல் வெளிச்சம் கிடைக்கும் அல்லவா? தெற்கே பலருக்கு அது பிடித்திருந்தது. ஆனால் அபர்டீனில் டிசம்பரில் சூரியன் எழுவதே சாதாரணமாக எட்டே முக்காலுக்கு. சோதனைக் காலத்தில் அது ஒன்பதே முக்கால் ஆகிவிட்டது. பள்ளியோ ஒன்பது மணிக்கு!

“எனக்குப் பத்து வயது. வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டை ஒன்றைக் கையில் கட்டிவிடுவார்கள். அம்மா கை விளக்கோடு தெருமுனை வரை வருவாள். பாதி வகுப்பு முடிந்த பிறகுதான் சன்னலுக்கு வெளியே விடியும். தெற்கே இருப்பவர்களுக்கு மாலையில் வெளிச்சம் கிடைத்தது. அதற்கான விலையை நாங்கள் காலையில் கொடுத்தோம்” என்றார் அவர்.

இருபக்கமும் பார்ப்பதே அறிவியல். அந்த ஆண்டுகளில் காலை நேரச் சாலை விபத்துகள் கூடின. மாலை நேர விபத்துகள் அதைவிட மிகுதியாகக் குறைந்தன என்று பின்னர் கணக்கிட்டார்கள். குடித்துவிட்டு வண்டி ஓட்டுவோரைச் சோதிக்கும் சட்டமும் அதே காலத்தில், 1967-இல் வந்ததால், எது எதனால் குறைந்தது என்று பிரிப்பது எளிதாக இல்லை. எப்படியாயினும் 1970 டிசம்பரில் நாடாளுமன்ற மக்களவையில் 366 பேர் சோதனை வேண்டாம் என்றும், 81 பேர் தொடரலாம் என்றும் வாக்களித்தனர். 1971 அக்டோபர் 31-இல் கடிகாரம் மீண்டும் பின்னே வந்தது. மொத்தக் கணக்கு எதுவானாலும், இருட்டில் நடந்த பிள்ளையின் தாய்க்குத் தன் பிள்ளை ஒன்றுதானே கணக்கு!

பக்கத்து வீட்டில் கேரளத்துச் செவிலியர் ஒருவர் குடியிருந்தார். அக்டோபர் 29 இரவு அவருக்கு மருத்துவமனையில் பணி. பன்னிரண்டு மணி நேர இரவுப் பணி அன்று மட்டும் பதின்மூன்று மணி நேரம்! ஒன்றிலிருந்து இரண்டு வரை ஒருமுறை வேலை செய்து முடித்த பிறகு, மறுபடி ஒரு மணி என்று காட்டுகிறது கடிகாரம். “நோயாளிக்கு மருந்து கொடுத்த நேரத்தை எழுதும்போது முதல் ஒன்றரையா, இரண்டாம் ஒன்றரையா என்று குறிப்பிட வேண்டியிருக்கிறது சார்” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மதுரையில் ஏழேகாலுக்குப் போட்ட ஓர் ஊசியே நினைவுக்கு வந்தது.

இதற்கு முடிவே இல்லையா என்றால், பலரும் முயன்றுகொண்டுதான் இருக்கிறார்கள். ரஷ்யா 2011-இல் கோடை மணியையே நிலையாக்கியது. குளிர்கால இருட்டுக் காலைகளை மக்கள் வெறுக்கவே, 2014-இல் குளிர்கால மணியை நிலையாக்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் மக்கள் கருத்தைக் கேட்டபோது 46 இலட்சம் பேர் விடையளித்தனர். அவர்களில் 84 விழுக்காட்டினர் மாற்றமே வேண்டாம் என்றனர். 2019 மார்ச்சில் ஐரோப்பிய நாடாளுமன்றமும் அதற்கு வாக்களித்தது. ஆயினும் எந்த மணியை நிலையாக வைப்பது என்பதில் உறுப்பு நாடுகள் ஒரு முடிவுக்கு வராததால் கடிகாரங்கள் இன்னும் நகர்ந்துகொண்டுதான் இருக்கின்றன. மாற்றம் வேண்டாம் என்பதில் ஒற்றுமை. யாருடைய காலை இருட்டாக வேண்டும் என்பதில் வேற்றுமை!

ஒரு மணி நேரம் கடந்தது. அம்மையார் எழுந்து பெண்டுலத்தை மெல்லத் தட்டிவிட்டார். கடிகாரம் மீண்டும் ஓடத் தொடங்கியது.

அடுத்த ஞாயிறு நான் பிற்பகல் இரண்டு மணிக்கே அழைத்தேன். இங்கே ஏழரை. முதல் அழைப்பிலேயே அப்பா எடுத்தார். மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு எல்லாவற்றையும் விளக்கினேன் — பூமியின் சாய்வு, வில்லெட், போர், நிலக்கரி. பொறுமையாகக் கேட்டார். “யுத்த காலத்துல நம்ம நாட்டுலயும் மணிய ஒரு மணி கூட்டி வச்சாங்கன்னு எங்கப்பா சொல்லுவாரு” என்றார். உண்மைதான். 1942 முதல் 1945 வரை இந்தியாவிலும் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே ஓடியது. பிறகு சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

“மில்லுல சங்கு ஊதுறவர் ஒருத்தர் இருந்தாரு. ஒருநாள் அஞ்சு நிமிஷம் முந்தி ஊதிட்டாரு. வாசலுக்கு வந்துக்கிட்டு இருந்த நாப்பது அம்பது பேருக்கு அன்னைக்கு அரைநாள் சம்பளம் போச்சு. அவருக்கு ஒண்ணும் ஆகல. மணிய மாத்துறவனுக்கு ஒண்ணும் ஆகாதுடா, அந்த மணிய நம்பி இருக்கிறவனுக்குத்தான் ஆகும். அவங்க ஊரு மணிய அவங்க மாத்திக்கட்டும், வேணாம்னு நாம சொல்ல முடியுமா? ஆனா மாத்துறப்ப நம்பி இருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லணும்ல?”

அவர் பிரிட்டிஷ் அரசைச் சொல்லவில்லை, என்னைத்தான் சொன்னார் என்பது எனக்குப் புரிந்தது. மறுமொழி சொல்ல எனக்கு வாய் எழவில்லை.

அந்தக் குளிர்காலம் நீண்டது. டிசம்பரில் ஒன்பது மணி வகுப்புக்குப் போகும்போதுதான் விடியும்; மூன்றரைக்கு மறுபடி இருட்டிவிடும். அந்த நாட்களில் ஒரு மணி வெளிச்சத்துக்காக ஒரு நாடு ஏன் இத்தனை பாடுபடுகிறது என்பதும் எனக்கு விளங்கியது. வெளிச்சம் குறைவாக இருக்கும் வீட்டில்தானே அதைப் பங்கிடுவதில் சண்டை வரும்?

2023 மார்ச் 26-இல் மீண்டும் மாற்றம். இம்முறை இரண்டு வாரம் முன்னதாகவே அப்பாவிடம் சொன்னேன். நாள்காட்டியில் குறித்துக்கொண்டார். அன்று பிற்பகல் மூன்று மணிக்கு, அதாவது நம் ஏழரைக்கு, அழைத்தேன். எடுத்ததும் ஒரு செய்தி சொன்னார்.

“நீ சொன்னியே, அங்க ராத்திரி ஒரு மணிக்கு மாத்துவாங்க, இங்க அப்ப காலையில ஆறரைன்னு? இன்னைக்கு ஆறரைக்குக் காபியோட திண்ணையில உக்காந்து கடிகாரத்தையே பாத்துக்கிட்டு இருந்தேன். சரி, இப்ப அங்க மாத்தியிருப்பாங்கன்னு நினைச்சேன். சூரியன் அதுபாட்டுக்கு மேல வந்துக்கிட்டு இருந்துச்சு.” சொல்லிவிட்டுச் சிரித்தார். அக்டோபருக்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்துக் கேட்டது அன்றுதான்.

ஆய்வு முடிந்து நான் ஊர் திரும்பிவிட்டேன். இப்போது ஞாயிறு இரவு அப்பாவின் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிடுகிறேன். இங்கே கடிகாரம் நகர்வதில்லை. ஆனாலும் ஒவ்வோராண்டும் புது நாள்காட்டி வந்ததும், மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளில் அப்பா பேனாவால் ஒரு வட்டம் போட்டு வைக்கிறார். எங்கள் தெருவில் மூன்றாவது வீட்டுப் பெண் வேலை கிடைத்து லண்டன் போயிருக்கிறாள். அந்த வட்டம் வருவதற்கு முதல் நாள் மாலை, அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போகிறார்.

“நாளையில இருந்து உங்க பொண்ணு போன் ஒரு மணி நேரம் முன்ன பின்ன வரும். பயந்துக்காதீங்க. காத்திருக்காம நேரத்துக்குச் சாப்பிட்டுருங்க” என்று சொல்லிவிட்டு வருகிறார்.

மாணவ நண்பர்களே, நாளை உங்களில் பலர் படிப்புக்காகவும் பிழைப்புக்காகவும் வடக்கே கடல் கடந்து போகக்கூடும். போகும் ஊரின் மணியை உங்கள் கைப்பேசி தானே தெரிந்துகொள்ளும். வீட்டில் காத்திருப்பவர்களுக்கு அதைச் சொல்லும் வேலை மட்டும் உங்களுடையது.